அவள் அட்டையில் என் ரத்தம்

எங்கள் கம்பெனி லைனில் என் சிறுநீருக்கு நல்ல மதிப்பு இருந்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களும் அந்த நாளில் சிரித்தோம். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். எந்த மாதம் எடுத்துப் பார்த்தாலும் என்னிடம் கர்ப்பம் இருக்காது. அதனால் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வருகிறது என்று தெரிந்தால் போதும், நாலு பேர் என்னிடம் வந்து நைசாகப் பேசுவார்கள். எனக்கும் ஒரு தலைவி போல இருக்கும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்குள்ளே போகும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். நாங்கள் எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் யாரும் திட்டமாட்டார்கள், துரத்தமாட்டார்கள். "உடம்பப் பாத்துக்கமா, டெலிவரி முடிச்சிட்டு வா" என்று அன்பாகச் சொல்லி அனுப்புவார்கள். முடித்துவிட்டுப் போனால் அந்த இடத்தில் வேறொருத்தி டேப் சுற்றிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் சங்கதி. அதனால் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்பது எங்களுக்குள் எழுதாத ஏற்பாடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் செக்கப்பில் பாட்டிலைக் கைமாற்றிக் கொடுத்துவிடுவோம். தப்பு என்றே தோன்றியதில்லை. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவளுக்குப் பேப்பரைச் சாய்த்துக் காட்டுகிற மாதிரி ஒரு சின்ன உதவி என்றுதான் நினைத்தோம்.

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, எனக்குப் பத்து வயது இளையவள். நான் மணவாள நகரிலிருந்து கவரைப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பழவேற்காட்டுப் பக்கம். கல்யாணமான இரண்டாம் மாதமே அவளை எங்கள் லைனில் சேர்த்துவிட்டது நான்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கம்பெனி பஸ். இரண்டு பேருக்கும் நடுவே சண்டை வராமல் இருந்ததற்குக் காரணம் அவள் வாய் பேசாததுதான். அவளுக்கும் சேர்த்துக் கடவுள் எனக்கே வாயை வைத்துவிட்டான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

மூன்று வருடமாக அவளுக்குக் குழந்தை நிற்கவில்லை. எங்கள் மாமியார் வாரம் ஒரு முறையாவது அவள் காதில் விழும்படி யாரிடமாவது அதைப் பற்றிப் பேசிவிடுவார். கடைசியில் நின்றது. அவள் அதை முதலில் சொன்னது தன் புருஷனிடம்கூட இல்லை, பஸ்ஸில் என்னிடம்தான்.

"அக்கா, ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு."

"நல்ல விசயம்தானே, ஏன் மூஞ்ச இப்டி வெச்சிக்கினு இருக்க?"

"இன்னும் ரெண்டு மாசத்துல ரோலுக்கு எடுக்கறாங்களாம்க்கா. என் பேரு லிஸ்ட்ல இருக்குதாம்."

ரோல் என்றால் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் வேலை. அதில் ஏறிவிட்டால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு, திரும்பிப் போனால் இடமும் இருக்கும். எங்கள் கான்ட்ராக்டில் இருந்து அந்த வருடம் நாலைந்து பெண்களைத்தான் பொறுக்கியிருந்தார்கள். எனக்கு வயது தாண்டிவிட்டது, அந்த ஆசை இல்லை. அவளுக்கு இருந்தது. பிள்ளையும் வேண்டும், ரோலும் வேண்டும். இரண்டும் நியாயமான ஆசை. இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இரண்டும் கிடைக்கும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

அந்த வாரமே மெடிக்கல் வந்து தொலைத்தது. கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் மேசை போட்டிருந்தார்கள். வழக்கமாகச் சிறுநீர் பாட்டிலை ஒரு பக்கமும் ரத்தத்தை வேறு பக்கமும் வாங்குவார்கள். அந்த முறை டோக்கனைப் பார்த்து ஒவ்வொருத்தியாகப் பாத்ரூமுக்கு அனுப்பி, பாட்டிலை வாசலிலேயே வாங்கி, கையோடு அதே மேசையில் ரத்தமும் எடுத்தார்கள். பாட்டில் மட்டும் மாறினால் போதாது, ஆளே மாற வேண்டியிருந்தது. எங்களுக்கோ தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், உடம்பில் சாம்பல் நிறக் கோட்டு. கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. என் டோக்கனோடு ஒரு முறை போய் வலது கையை நீட்டினேன். அரை மணி நேரம் கழித்து அவள் டோக்கனோடு போய் இடது கையை நீட்டினேன். ஊசி போட்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு கைலயும் குத்து வாங்கிட்டேன், எனக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுடி" என்றேன். வாங்கிக் கொடுத்தாள்.

பத்து நாளில் சீட்டு வந்தது. அவள் பேர் போட்டு, கீழே ரத்தச் சத்து பன்னிரண்டு, பி பாசிட்டிவ், வேலைக்குத் தகுதி. மூன்றுமே என்னுடையவை. சேரும்போது ரத்த வகை என்ன என்று கேட்டதற்கு அவள் தெரியாது என்று சொன்னதால், பாரத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டிருந்தார்கள். பழைய செக்கப்புகளில் சர்க்கரை மட்டும்தான் பார்ப்பார்கள், சத்தும் வகையும் பார்த்தது அந்த முறைதான். அவளுக்கு என்ன ரத்தம் என்று அவளுக்கே தெரியாது.

என் ரத்தம் ஏன் பன்னிரண்டு இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். அந்த வீட்டில் கரண்டி என் கையில் இருந்தது. அதுதான் காரணம், பூசி மெழுக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் முதலில் ஆம்பளைகள், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார், பிறகு நான். அவள் கடைசி. அவள் தட்டில் கழுத்துத் துண்டும் குழம்பும் விழும். யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு என்ன மிஞ்சும் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் வந்த புதிதில் நானும் அப்படித்தான் தின்றேன். அவள் வந்ததும் எனக்கு ஒரு படி மேலே இடம் கிடைத்தது, நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கம்பெனியிலும் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள். ஷிப்டுக்கு இரண்டே இரண்டு முறைதான் பாத்ரூம் போக விடுவார்கள். அதற்குப் பயந்து நாங்கள் எல்லாருமே தண்ணீரைக் குறைத்துக் குடிப்போம். அவளுக்குக் கர்ப்பத்தில் வாந்தி வேறு. நாஷ்டாவைத் தொட்டால் பாத்ரூமுக்கு ஓட வேண்டும், ஓடினால் சந்தேகம் வரும். அதனால் காலையில் டீ, மத்தியானம் இரண்டு கை சோறு. பசியை அடக்க எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். முதலில் ஊறவைக்காத அரிசி. பிறகு பல்பம். சிலேட்டில் எழுதுவோமே, அந்தப் பல்பம். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னாடி, ஒண்ணாங் கிளாஸ் சேரப்போறியா?" என்று கிண்டல் செய்தேன். உடம்பில் ரத்தம் இல்லாதவர்களுக்குத்தான் அரிசியும் மண்ணும் பல்பமும் தின்னத் தோன்றும் என்று பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது மசக்கை ஆசை. லைனில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன்.

நாலாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். காய்ச்சல் என்று பொய் சொல்லி மத்தியானம் வரை பெர்மிஷன். அங்கே கர்ப்பிணிகள் வரிசை வாசல் வரை நின்றது. நர்சம்மா எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், "ரத்தம் எடுக்கணும், அந்த வரிசைல போய் நில்லு" என்றார். அந்த வரிசை இதைவிட நீளம். ஒன்றரைக்கு பஸ்.

அவள் பர்ஸைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். அதை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததே எனக்குத் தெரியாது. "போன மாசம்தான் கம்பெனில எடுத்தாங்க மேடம்."

நர்சம்மா வாங்கிப் பார்த்தார். "பன்னெண்டா? பரவாயில்லையே. இங்க வர்ற புள்ளைங்க எட்டு ஒம்போதுன்னு வந்து நிக்குதுங்க. இப்டியே பாத்துக்க." சொல்லிக்கொண்டே கர்ப்பிணி அட்டையில் எழுதிவிட்டார். பன்னிரண்டு. பி பாசிட்டிவ்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். முருங்கைக்கீரை, பேரீச்சை, முட்டை என்று படம் போட்டு ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை அவ்வளவு அக்கறையாக நான் படித்ததே இல்லை. நர்சம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குப் பின்னால் அறுபது வயிறு நின்றுகொண்டிருந்தது. கூட நின்ற எனக்கு என்ன கேடு? "அது அவளது இல்லை, மறுபடி எடுங்கள்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்த நர்சம்மா கம்பெனிக்குப் போன் போட்டா சொல்லப்போகிறார்? ஆனால் பொய்யைக் காகிதத்தில் ஏற்றியவனுக்குக் காகிதத்தைக் கண்டாலே பயம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மாமியார் அட்டையை என் பெரிய மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் பன்னிரண்டு என்று படித்தாள்.

"ரத்தம் பன்னெண்டு இருக்குதுன்னு அவங்களே எழுதிக் குட்த்துக்கிறாங்க. அப்பறம் மாத்திர இன்னாத்துக்கு? அத்த முழுங்குனா புள்ள கருத்துப் பொறக்கும், பெருசாயி வயித்தக் கிழிப்பானுங்க. நான் எட்டாம் மாசத்துல நடவுக்குப் போனவ. எனக்கு எவ மாத்திர குட்த்தா?"

மாத்திரை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. அவளுக்கும் அது தோதாகப் போயிற்று. அந்த மாத்திரையைப் போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, லைனில் நிற்க முடியவில்லை என்றாள். நான் வாயைத் திறந்தேன். "இல்ல அத்த, போட்டா நல்லதுதான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் பன்னிரண்டு யாருடையது என்று சொல்ல வேண்டும். மாமியாருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி, தெருவில் பாதிப் பெண்கள் எங்கள் கம்பெனி. மென்று விழுங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் என்ற ரோல், அடுத்த மாதம் என்று தள்ளியது. பிறகு அதற்கும் அடுத்த மாதம். கோட்டு தொளதொளவென்று இருந்ததும் அவள் ஒல்லியாக இருந்ததும் வசதியாகப் போயிற்று. ஆறாம் மாதத்திலும் வயிறு இருக்கிற இடம் தெரியவில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வயிறு தெரியாமல் இருப்பது நல்லது என்று ஒரு கர்ப்பிணியைப் பார்த்து நினைத்தவள் நான்.

அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மாமியார் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "பாரு, எப்டி செவந்து போச்சு மூஞ்சி. பொட்டப் புள்ளதான்." அக்கம்பக்கத்திலும் அப்படியே சொன்னார்கள். கர்ப்பத்தில் நிறம் ஏறிவிட்டது என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நகக்கண் காகிதம் மாதிரி இருந்ததை நான் கவனித்தேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியதைக் கவனித்தேன். சாயங்காலத்தில் கால் வீங்கி, ஷூவைக் கழற்ற முடியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததையும் கவனித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் லேப் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் ரகசியமாக ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று முடிவும் செய்தேன். அந்த ஞாயிறு ஓவர்டைம் வந்தது. அடுத்த ஞாயிறு என் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீர், மணவாள நகருக்குப் போய்விட்டேன். அங்கே பிரியாணி நன்றாக இருந்தது.

ஏழாம் மாதம் முடியப்போகும் ஒரு காலை. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. பஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தூங்கி விழுகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அடில ஈரமா இருக்குது."

சீட் நீல நிறம். அதனால் முதலில் தண்ணீர் என்று நினைத்தேன். என் கையை வைத்து எடுத்த பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸை ஓரம் கட்டினார்கள். முன் சீட்டில் இருந்த எங்கள் லைன் லீடர், நாங்கள் லைன் மேடம் என்று கூப்பிடுகிறவர், ஓடிவந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். என்னோடு அவரும் ஆம்புலன்ஸில் ஏறினார். முதலில் போன ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்றார்கள்.  வழியெல்லாம் அவள் உதடு காய்ந்து காய்ந்து ஒட்டிக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதே ஒரு நர்ஸ் அட்டையைப் பிடுங்கிப் பார்த்து, "பி பாசிட்டிவ், பி பாசிட்டிவ், சொந்தக்காரங்க ஆளுங்களக் கூட்டியாங்க" என்று கத்திக்கொண்டே நடந்தார். நான் போன் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். என் வீட்டுக்காரர் இரும்பு உருட்டும் மில்லில் வேலை. அங்கிருந்து ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு வேனில் வந்துவிட்டார். எல்லாரும் பி பாசிட்டிவ். கரி படிந்த சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். எங்கிருந்தோ கொழுந்தனாரும் வந்து சேர்ந்தார். அவர் மீஞ்சூர்ப் பக்கம் மின் நிலையத்தில் லோடு இறக்குகிறவர். என்ன பேசுவது என்று தெரியாமல் அந்த ஏழு பேரின் கையையும் பிடித்துப் பிடித்துக் கும்பிட்டார்.

ஒரு சின்ன வயது டாக்டரம்மா வெளியே வந்தார்.

"அட்டைல பி பாசிட்டிவ்னு இருக்கு. நாங்க எடுத்த ரத்தம் ஓ நெகட்டிவ்னு வருது. ரத்தத்துல சத்தும் அஞ்சுகூட இல்ல. அட்டைல பன்னெண்டு. வேற யாரோட சாம்பிளோ மாறிப்போச்சுன்னு நெனக்கிறேன். திரும்ப எடுத்து அனுப்பியிருக்கோம். கொஞ்ச நேரம் ஆகும். அவங்களுக்கு முன்னாடி எங்கயாவது ரத்தம் பாத்திருக்கீங்களா? இந்த அட்ட சரிதானே?"

சரியில்லை. சாம்பிள் மாறித்தான் போயிருக்கிறது, ஆனால் இங்கே இல்லை, ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஷெட்டில். இதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய். எனக்கு இடப்பக்கம் கொழுந்தனார், வலப்பக்கம் லைன் மேடம். நான் லைன் மேடத்தைப் பார்த்தேன். கர்ப்பம் தெரிந்ததற்காவது கெஞ்சிப் பார்க்கலாம், ஆள் மாறி ரத்தம் கொடுத்ததைச் சொன்னால் அவள் ரோல் போயே போகும். என் வேலை போகும். இதற்கு முன்னால் என்னிடம் பாட்டில் வாங்கியவர்கள் எல்லாரும் வெளியே வருவார்கள். எப்படியும் திரும்ப எடுக்கத்தான் போகிறார்கள், உண்மை தானாகத் தெரிந்துவிடப் போகிறது, நான் எதற்கு? இப்படித்தான் என் புத்தி ஓடியது. பயந்தவள் புத்தி எப்போதும் குறுக்கு வழியில்தான் ஓடும்.

கொழுந்தனார் சொன்னார்: "அட்டதான் சரிங்க மேடம். கம்பெனில எடுத்தது."

நான் தலையாட்டினேன்.

முக்கால் மணி நேரம். வராந்தாவில் கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும். இரண்டாவது முறையும் ஓ நெகட்டிவ் என்றே வந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. ரத்த வங்கியில் அந்த வகை ஒரு பாட்டில்தான் இருந்தது. போன் போகாத ஊர் இல்லை. மில்லிலிருந்து வந்த ஏழு பேரும் கையை மடித்துவிட்டபடியே ஆளுக்கொரு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மீஞ்சூரிலிருந்து ஒருவர் டூட்டி உடையோடு பைக்கில் வந்து இறங்கினார். யார் என்றே தெரியாது. கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் சொல்லியிருந்தால் அவர் முக்கால் மணி நேரம் முன்னால் வந்திருப்பார்.

பெண் குழந்தை. மாமியார் சொன்னது அதில் மட்டும் பலித்தது. அழவே இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொழுந்தனாரிடம் கொடுத்தார்கள். கருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, குழந்தைக்கு நிறமே இல்லை. ரத்தம் நிற்காததால் அவளுக்குக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வயது அவளுக்கு. பெரிய டாக்டரம்மா கொழுந்தனாரிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "உயிரக் காப்பாத்தறதே பெரிய பாடாப் போச்சுப்பா. கொழந்த வரும்போதே இல்ல. ரத்தம் கொஞ்சம் முன்னாடி ஏறியிருந்தா கர்ப்பப்பைய எடுக்காம விட்டிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. இருக்கலாம்."

அந்த இருக்கலாமை அன்றிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிகிறேன். விட்டிருக்க முடியும் என்று சொல்லியிருந்தால் நான் பாவி என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். முடியாது என்று சொல்லியிருந்தால் தூங்கிவிடுவேன். அவர் இரண்டும் சொல்லவில்லை.

அட்டையில் எப்படித் தப்பாக வந்தது என்று வீட்டில் பேசினார்கள். கம்பெனி செக்கப்பில் எதையோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "கம்பெனிக்காரனுங்க வேலையே பேஜாருதான்" என்றார் என் வீட்டுக்காரர். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியான வேளை, ஆம்பளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள், மாமியார் ரேஷன் கடைக்கு. லைன் மேடம் பார்க்க வந்தார். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்திருந்தார். ரோல் லிஸ்டில் அவள் பேரை அடித்துவிட்டார்கள் என்பதை அவரே சொன்னார். லீவு எழுதிக் கொடுக்காமல் தொடர்ந்து வராததால் கான்ட்ராக்டர் அவள் பேரை எடுத்துவிட்டாராம். 

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எனக்கு மூணாம் மாசமே தெரியும்மா. நீ நிக்கிற தினுசுலயே தெரிஞ்சிபோச்சு. நானும் ரெண்டு புள்ளைய அப்டி மறச்சித்தான் பெத்தேன். உன்ன ஒக்காந்து செய்யற டேபிளுக்கு மாத்தலாம்னு பாத்தேன். மாத்துனா மத்தவங்களுக்கு டவுட் வருமேன்னு உட்டுட்டேன்."

நான் டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். சமையல்கட்டில் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். யாருக்குப் பயந்து நான் வாயை மூடினேனோ அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் யாருக்குப் பயந்தார் என்று கேட்டால் அவருக்கும் ஒரு மேடம் இருப்பார்.

அவர் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனியும் மறைத்தால் என் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். டாக்டரம்மா வெளியே வந்து கேட்டதை, நான் தலையாட்டியதை, கடிகாரத்தை, எல்லாவற்றையும். அவள் என்னை அடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன், ஆசையாகக்கூட இருந்தது.

அவள் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள். தலை நிமிரவில்லை.

"தெரியும்க்கா," என்றாள். "ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கினு போறப்ப அந்த நர்சு பி பாசிட்டிவ்னு கூவிக்கினே வந்துச்சு. எனக்கு நல்லா காது கேட்டுது. அது உன்னுதுன்னு தெரியும். என்னுது இல்லன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். தலமாட்டுல லைன் மேடம் வந்துக்கினு இருந்துச்சு. ரோல் பூடுமேன்னு கம்முனு இருந்துட்டேன்."

உரித்த சுளையை என் கையில் வைத்தாள்.

"எப்டியும் நீ வெளிய இருக்கிற, நீ சொல்லிடுவேன்னு நெனச்சிக்கினு கண்ண மூடிக்கினேன்க்கா."